ஐந்தாம் சேனலின் பேட்டரி

டிசம்பர் மாத முதல் புதன்கிழமை, எங்கள் இசை இரவில் வாசிக்கும் முதியவர் ஒருவர் மூன்றாம் முறையாகப் பேட்டரியை மாற்றினார். ஒலிக்கலவைக் கருவி (மிக்சர்) இருந்த என் மேசைமேலேயே, சின்னக் கிதார் போன்ற தன் டெனார் யுகுலேலேவைக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் இருந்த சிறிய கறுப்பு மூடியைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பித் திறந்து, உள்ளிருந்த 9 வோல்ட் பேட்டரியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதியதன் உறையைப் பல்லால் கிழித்தார். போன மாதமும் தன் வாசிப்பு யாருக்கும் கேட்கவில்லையாம். பேத்தி எடுத்த வீடியோவில் கை மட்டும்தான் ஆடுகிறதாம். நான் கேபிளைச் சுருட்டியபடியே, இடைவேளையில் கேபிள் முனையில் உள்ள ஜாக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், செருகியபடியே விட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்று சொன்னேன். சொன்ன தகவலில் பிழையில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும், பேட்டரியில் இயங்கும் பிக்அப் பொருத்திய யுகுலேலேக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜாக் செருகும் துளைதான் சுவிட்ச். ஆனால் அவருடைய பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் வாத்தியம் இணைந்திருந்த ஐந்தாம் சேனலின் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பிடியை, செப்டம்பரிலிருந்து முக்கால்வாசி இறக்கி வைத்திருந்தவள் நான்தான்.

இதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். பெரிய குற்றம் எதுவும் இல்லைதான். ஒரு பப்பின் பின்னறையில், கையளவு வாத்தியத்தின் சத்தத்தை, யாரும் கேட்காமலே குறைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேட்டரி உறை பல்லில் கிழிபட்ட ஓசை காதைவிட்டுப் போகவில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயரில் நான் வசிக்கும் சிறு நகரத்தில் மாதத்தின் முதல் புதன்கிழமை இரவு யுகுலேலே இரவு நடக்கிறது. ஏழரைக்குத் தொடங்கும், பத்தரைக்குள் நாற்காலிகளை அடுக்கிவிடுவோம். முதல் பாதியில் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பாடுவோம். திரையில் பாட்டின் வரிகளும், அவற்றின் தலைமேல் கார்டுகளின், அதாவது தந்திகளை ஒருசேர மீட்டும் சுரக்கூட்டுகளின், பெயர்களும் தெரியும். இடைவேளையில் குலுக்கல் சீட்டு. இரண்டாம் பாதியில் விரும்பியவர்கள் மேடையேறலாம். ஆளுக்கு இரண்டு பாட்டு. மேடை என்று பேருக்குச் சொல்கிறோம், தரையைவிட ஒரு சாண் உயர்ந்த பலகைதான் அது. 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டம் வந்த பிறகு, மது விற்க உரிமம் பெற்ற இத்தகைய சிறிய இடங்களில் இரவு 11 மணிவரை வாசிக்கத் தனி உரிமம் தேவைப்படுவதில்லை. ஆகவே பப் உரிமையாளருக்கும் எங்களால் தொல்லை இல்லை. வெறிச்சோடிக் கிடக்கும் புதன்கிழமையில் இருபத்தைந்து பேர் வந்து உட்கார்ந்து குடித்தால் அவருக்குக் கசக்கவா போகிறது?

நான் வாசிக்கத்தான் போனேன். மூன்றாம் மாதம் நாற்காலி போடுபவள் ஆனேன். ஆறாம் மாதம் புரொஜெக்டரும் திரையும் என் பொறுப்பாயின. ஒலியைக் கவனித்துவந்தவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது, எட்டுச் சேனல் கொண்ட அந்த மிக்சரை ஒரு பூனைக்குட்டியைக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு சேனலுக்குக் கீழேயும் காகித டேப் ஒட்டி, அதில் ஆளின் பெயரை எழுதி வைப்பது அவர் பழக்கம். நானும் அதையே தொடர்ந்தேன். தரையில் கிடக்கும் கேபிள்களில் யாரும் தடுக்கி விழாமல் அகலமான கறுப்பு டேப் ஒட்டுவது, யாராவது ஜாக்கைப் பிடுங்குவதற்குமுன் அந்தச் சேனலை ஊமையாக்குவது (இல்லையென்றால் ஸ்பீக்கரில் வெடிபோல ஒரு 'டொப்' கேட்கும்), ஒலிவாங்கி ஊளையிடத் தொடங்கியதும் காரணத்தைத் தேடாமல் முதலில் சத்தத்தைக் குறைப்பது என்று வேலையை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். நன்றாகச் செய்கிறாய் என்றார்கள். வாசிப்பைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை என்பதால், அந்தப் பாராட்டு சற்றுத் தலைக்கேறியிருக்க வேண்டும்.

ச, க, ப, த

யுகுலேலேயின் நான்கு தந்திகளைக் கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரே வரியில் விளக்கிவிடலாம். ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி கூட்டுவார்கள். சி என்பதை ஆதார ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால், மேலிருந்து கீழாகப் ப, ச, க, த. மோகன ராகத்தில் ரிஷபம் ஒன்றுதான் குறை. இதில் வேடிக்கை என்னவென்றால், வாசிப்பவரின் முகத்துக்கு அருகில் இருக்கும் முதல் தந்தியாகிய பஞ்சமம், அடுத்த தந்தியாகிய ஷட்ஜமத்துக்குக் கீழே இருக்கும் என்று கிதார் பழகிய கை எதிர்பார்க்கும். ஆனால் அது மேலே இருக்கிறது. நான்கு சுரங்களும் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. 1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதீராத் தீவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்த சிறு வாத்தியத்திலிருந்து பிறந்தது இது. ஹவாய் மொழியில் 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் குதிப்பது. தந்திமேல் விரல்கள் குதிக்கும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள்.

இருபது பேர் சேர்ந்து வாசிப்பதற்கு இதைவிடப் பெருந்தன்மையான வாத்தியம் கிடையாது. நைலான் தந்தியின் ஒலி எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடும். தவறான கார்டு ஒன்றைப் பிடித்தாலும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அது செத்துப்போயிருக்கும். எல்லாருடைய ஒலியும் ஒரே ஸ்தாயியில் திரண்டு நிற்பதால் யாருடைய பிழை யாருடையது என்று பிரித்தறிய முடியாது. மூன்று கார்டு கற்றுக்கொண்ட அன்றே ஒருவர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்பதற்கு மனிதர்களின் நல்ல மனம் பாதிக் காரணம் என்றால், அந்த நைலான் மீதிக் காரணம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு மின்சாரம் ஏறாதவரைதான். எங்கள் அறையில் ஐந்து பேர் மேடையில் வரிசையாக நின்று, பிக்அப் வழியாக ஸ்பீக்கரில் வாசித்து, மற்றவர்களை வழிநடத்துவார்கள். முன்நின்று பாட்டை நடத்தும் எங்கள் நடத்துநரின் குரலுக்கும் வாத்தியத்துக்கும் முதல் இரண்டு சேனல்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு மற்ற நால்வருக்கு. ஐந்தாம் சேனல் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருடையது. எழுபத்தாறு வயது. தொடக்க நாளிலிருந்து இருப்பவர். பக்கத்து நகரமாகிய விகனில் பிறந்த ஜார்ஜ் ஃபார்ம்பியின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். பாஞ்சோவுக்கும் யுகுலேலேவுக்கும் பிறந்த பிள்ளைபோன்ற பாஞ்சோலேலேவை வைத்துக்கொண்டு லங்காஷயர் பேச்சு மணக்கப் பாடி, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பிரிட்டனைச் சிரிக்கவைத்தவர் ஃபார்ம்பி. அவர் 1961இல் இறந்தபோது தனக்குப் பன்னிரண்டு வயது என்றும், அம்மா சமையலறையில் நின்று அழுதார் என்றும் எங்கள் ஓட்டுநர் ஒருமுறை சொன்னார். ஐவர் வரிசையில் அவருடைய இடம் இடப்பக்கச் சுவரோரம். ஊரில் எல்லாரையும்போல் என்னையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதம் அதற்குத் திடுக்கிட்டேன், இப்போது கூப்பிடாவிட்டால் கோபமோ என்று தோன்றுகிறது.

அவர் தாளத்தில் அரை அடி பின்தங்குவார். எப்போதும் இல்லை, வரிகளின் முடிவில் மட்டும். வரி தொடங்கும்போது எல்லாரோடும் இருப்பார். கடைசி இரண்டு சொற்களில் கார்டு மாறும் இடத்தில் ஒரு கணம் தயங்கி, மற்றவர்கள் மாறிய பிறகு மாறுவார். இடக்கை கார்டைப் பிடித்து முடிக்கும்வரை வலக்கை காத்திருக்கும் இந்தப் பழக்கம் புதியவர்களுக்கு வரும். எங்கள் நடத்துநர் அதற்குச் சொல்லும் மருந்து, இடக்கை தடுமாறினாலும் வலக்கையை நிறுத்தாதே, வெறும் தந்தியையாவது தட்டு என்பது. கூட்டத்தில் உட்கார்ந்து ஒருவர் இப்படிப் பின்தங்கினால் தெரியாது. ஸ்பீக்கரில் வந்தால், ஒவ்வொரு வரிக்கும் ஒரு எதிரொலி விழுகிறதுபோல் இருக்கும். அறையில் பாதிப்பேர் நடத்துநரைப் பின்பற்றுவார்கள். மீதிப்பேர் அந்த எதிரொலியைப் பின்பற்றுவார்கள்.

நான் கும்பகோணத்தில் பெரியம்மாவிடம் வீணை கற்றவள். சரளி வரிசையிலேயே ஒரு வருடம் உட்கார்த்தி வைத்தார். சுருதி மாதா, லயம் பிதா; தாய் தந்தையை அவமதித்துவிட்டு மேடை ஏறாதே என்பார். அந்தக் காதை இங்கிலாந்துக்கு வரும்போது ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வரமுடியவில்லை. செப்டம்பர் மாத இரவில் மூன்றாவது பாட்டின் நடுவே, யோசித்துச் செய்ததாகக்கூடச் சொல்லமாட்டேன், விரல் தானாகப் போய் ஐந்தாம் ஃபேடரை இறக்கியது. எதிரொலி மறைந்தது. அறை ஒன்றாகச் சேர்ந்தது. இடைவேளையில் நடத்துநர் என் தோளைத் தட்டி, இன்று ஒலி பளிச்சென்று இருக்கிறது என்றார். அடுத்த மாதம் தொடக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

அவருக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் அதில் எனக்கு இருந்த வசதி. எங்களுடைய இரண்டு ஸ்பீக்கர்களும் கூட்டத்தை நோக்கி இருக்கின்றன. மேடையில் நிற்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளத் தனி ஸ்பீக்கர் வாங்க எங்களிடம் பணம் இல்லை. மார்போடு அணைத்துப் பிடித்திருக்கும் மரப்பெட்டி நேராகத் தன் காதுக்கே பாடுவதால், வாசிப்பவருக்குத் தன் ஒலி எப்போதும் நன்றாகவே கேட்கும். வெளியே போகிறதா என்று தெரியாது. பேத்தி கைபேசியோடு வந்திராவிட்டால் அவருக்குக் கடைசிவரை சந்தேகமே வந்திருக்காது.

நான் மேடையேறிய இரவு

நவம்பரில் நானும் இரண்டாம் பாதியில் பெயர் கொடுத்தேன். பாட்டு, எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடும் ஒரு தாலாட்டு. இரண்டே கார்டுகளில் அடங்குவது. மேடைக்குப் போகுமுன் என் வாத்தியத்துக்கான சேனலைச் சரிசெய்துவிட்டு, மிக்சரைப் பப்பில் பகுதிநேரமாக வேலை செய்யும் ஒரு கல்லூரி மாணவரிடம் ஒப்படைத்தேன். எதையும் தொடவேண்டாம், ஊளையிட்டால் மட்டும் இந்தப் பொத்தானை அழுத்து என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வெளியே பனி. காரிலிருந்து கொண்டுவந்த யுகுலேலே அறையின் வெப்பத்தில் சுருதி நகர்ந்திருந்தது. தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் ட்யூனர் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைத்தான் உணர்கிறது என்பதால் இருபது பேர் பேசும் அறையிலும் அதை நம்பலாம்; ஆனால் என் கை நடுங்கியதில் அதன் பச்சை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. ஒருவழியாகத் தொடங்கினேன். மொழி தெரியாத இருபத்தைந்து பேர், 'ஆராரோ' வரும் இடத்தை மட்டும் கண்டுபிடித்து, மூன்றாம் முறை தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது சரணத்தை அடியோடு மறந்து, முதல் சரணத்தையே திரும்பப் பாடினேன். அந்த அறையில் அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் என்னைத் தவிர யாரும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் எல்லாருக்கும் பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார். கைதட்டலிலும் பின்தங்குகிறாரே என்று அந்த நிமிடத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து மிக்சரைப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. எட்டாம் சேனலில் இருந்த என் ஃபேடர் மற்ற எல்லாருடையதையும்விட ஒரு விரற்கடை மேலே இருந்தது. மாணவர் தொடவில்லை. மேடைக்குப் போகுமுன் நானே வைத்துவிட்டுப் போனது.

ஜனவரி மாதம் ஓட்டுநர் வரவில்லை, சளியும் இருமலும். ஐவர் வரிசையில் ஓர் இடம் காலி என்பதால் நடத்துநர் என்னை நிற்கச் சொன்னார். மிக்சர் மறுபடி மாணவரின் கைக்குப் போனது. சுவரோரம், ஐந்தாம் கேபிளை என் யுகுலேலேவில் செருகிக்கொண்டு நின்றேன். நவம்பரில் நான் பாடியது மேடையின் நடுவில். திரையைப் பார்க்க வேண்டிய தேவையும் அப்போது இல்லை. இப்போதுதான் முதல்முறையாக அந்த மூலையிலிருந்து திரையைப் பார்த்தேன்.

பழைய பப் அறைகளில் கணப்புக்காகச் சுவரின் ஒரு பகுதி முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும். எங்கள் அறையில் அது இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. அதற்கு அப்பால், அதே சுவரில், திரை. அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முழுவதும் தெரியும். அறையின் பின்கோடியில் மிக்சர் முன்னால் நின்ற எனக்கு மிக நன்றாகத் தெரியும். மேடையில் நடுவில் நிற்பவர்களுக்குச் சற்றுச் சாய்வாகத் தெரியும். சுவரோரம் நிற்பவருக்குக் கணப்பின் செங்கல் புடைப்பு திரையின் ஓரத்தை விழுங்கிவிடுகிறது. எந்த ஓரம் என்றால், மேடைப் பக்கத்து ஓரம்; அதாவது ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு மூன்று சொற்களும், அவற்றின்மேல் இருக்கும் கார்டுகளும்.

முதல் பாட்டின் முதல் வரி முடிவில் நான் பின்தங்கினேன். இரண்டாம் வரி முடிவிலும். அடுத்த கார்டு எஃபா ஜி7ஆ என்று தெரியாமல், பக்கத்தில் நிற்பவரின் விரல்களை ஓரக்கண்ணால் பார்த்து, அவர் மாறிய பிறகு மாறினேன். கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு சொல் கூடுதலாகத் தெரிந்தது, அதற்குள் வரி போய்விட்டது. கால்கள் நடுங்கின. ஃபார்ம்பி பாட்டுகள் வாசிக்கும்போது ஓட்டுநர் ஒருபோதும் பின்தங்கியதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவற்றை அவர் திரையைப் பார்த்தா வாசிக்கிறார்? நான்கு மாதமாக அது என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. மனப்பாடமான பாட்டில் எல்லாரும் நன்றாகத்தான் வாசிப்பார்கள் என்று மேம்போக்காக விட்டுவிட்டேன். திரையை அந்தச் சுவருக்கு மாற்றியவள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில், சன்னல் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்து எழுத்து தெரியவில்லை என்று சிலர் குறைசொன்னபோது, நான்தான் இடம் மாற்றினேன். அன்றும் நன்றாகச் செய்தாய் என்றார்கள்.

அன்றிரவு பாட்டு முடிந்ததும் மாணவர் என்னிடம் வந்து, உங்கள் ஒலி கொஞ்சம் துருத்திக்கொண்டு இருந்தது, குறைத்துவிடட்டுமா என்று பாதியில் கேட்க நினைத்தேன், நீங்கள் தொடவேண்டாம் என்று முன்பு சொன்னதால் விட்டுவிட்டேன் என்றார். பத்தொன்பது வயதுப் பையன் கேட்க நினைத்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

பிப்ரவரி

ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையில் நான் செய்த வேலை எளியது. பாட்டுகளை 24 அளவு எழுத்தில் தாளில் அச்சிட்டு, ஐந்து தொகுப்புகளாகக் கட்டி, மேடைக்கு மூன்று இசைத் தாள் நிற்பான்களை வாங்கினேன். குலுக்கல் சீட்டுப் பணத்திலிருந்து தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன், காரணம் சொல்லவில்லை. திரையை மறுபடி மாற்றலாம் என்றால் சன்னல் வெளிச்சச் சிக்கல் கோடையில் திரும்ப வரும். தாள் போதும்.

பிப்ரவரி முதல் புதனன்று ஓட்டுநர் வந்தார். தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் ஐந்தாம் ஃபேடரை மற்றவர்களுடையதற்குச் சமமாக ஏற்றினேன். அவர் வரி முடிவுகளில் எல்லாரோடும் மாறினார். அதிசயம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. பி ஃப்ளாட் வரும் இடங்களில் இன்னமும் சிக்கினார். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து இரண்டு தந்திகளை ஒருசேர அழுத்த வேண்டிய கார்டு அது. மூட்டு விறைத்த விரலுக்கு மட்டுமல்ல, எனக்கும் வராது. அந்த இடங்களில் ஸ்பீக்கரில் ஒரு மொட்டையான 'தட்' கேட்டது. என் விரல் ஃபேடருக்குப் போனது. திருப்பிக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த பாட்டிலும் அதேதான். நடத்துநர் இடைவேளையில், ஒலி இன்று கொஞ்சம் கலங்கலாக இருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன்.

எல்லாரும் போன பிறகு நாற்காலி அடுக்க அவர் எப்போதும் நிற்பார். நான்கு நான்காக அடுக்க வேண்டும். ஐந்து வைத்தால் சாயும். மூன்றாம் அடுக்கில் சொல்லிவிட்டேன். செப்டம்பரிலிருந்து சத்தத்தைக் குறைத்து வைத்ததையும், திரை மறைந்ததை ஜனவரியில்தான் பார்த்ததையும், பேட்டரி வீணாகப் போனதையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலம் பாதியில் காணாமல் போய்விட்டது.

அவர் கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்து, கால்கள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"பேட்டரி வீணாகவில்லை, லவ்," என்றார். "வீட்டில் புகை வந்தால் அலறும் கருவி இரண்டு இருக்கிறது. அக்டோபரில் கழற்றியதைச் சமையலறையில் போட்டேன், நவம்பரில் கழற்றியதை மாடியில். ரொட்டி கொஞ்சம் கருகினால் போதும், தெருவே கேட்கிற மாதிரிக் கத்துகிறது."

நான் விளக்கை அணைத்தேன். கார்வரை நடந்து, சாவியைத் தேடும்போதுதான் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். என் மேசைமேல் யுகுலேலேவைக் கவிழ்த்து வைத்து மூன்றாம் பேட்டரியை அவர் மாற்றியது டிசம்பரில்.